கொம்பிரசரால் லைற் துடைக்கப் போய் ஒன்பது நாள் வேலை இழந்த கதை

இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் பாதையோரம் எனக்கு ஒரு சின்ன மரவேலைப் பட்டறை இருக்கிறது. கதவு, நிலை, யன்னல், இடைக்கிடை ஒரு அலுமாரி, இவ்வளவுதான் வேலை. பலகை சீவுகிற ஒரு பிளேனர், ஒரு வட்ட வாள், ஒரு கிறைண்டர், பொலிஷ் அடிப்பதற்கென்று வாங்கிய, காற்றை நெருக்கித் தருகிற ஒரு ரெண்டு குதிரைவலுக் கொம்பிரசர். தலைக்கு மேலே நாலு ரியூப் லைற். கூரை, மீள்குடியேறியபோது கிடைத்த தகரமும் எங்களுடைய பழைய தகரமும் கலந்து போட்டது. பழைய தகரத்தில் போர்க்காலத்துச் செல் குண்டின் துண்டு போன ஓட்டைகள் உண்டு. மழை ஒழுகும் இடத்தைத் தார் வைத்து அடைத்தேன், மற்றதை அப்படியே விட்டுவிட்டேன்.

ஆடி, ஆவணியில் சோளகம் வீசும்போது பாதையில் ஓடும் ரிப்பர் லொறிகள் கிளப்புகிற கிரவல் புழுதி எல்லாம் பட்டறைக்குள்தான் வந்து படுக்கும். அதன் மேல் நாங்கள் கிளப்பும் மரத்தூள். இரண்டும் மாறி மாறிப் படிந்து, லைற் பெட்டிகளின் முதுகில் ஒரு விரல் மொத்தத்துக்குக் கிடந்தது. ரியூப்புகள் பழுத்த பாக்கு நிறம். பாலைப் பலகையில் நான் போட்ட பென்சில் கோடே எனக்குத் தெரியவில்லை. கதவு பார்க்க வந்த ஒருவர், “நாலு லைற் எரியுது, ஆனா குப்பி விளக்கு வெளிச்சமெல்லோ கிடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். அது மனதில் தைத்துவிட்டது. மார்கழிக் கடைசி. பொங்கலுக்கு முதல் வீடு வாசல் துடைத்துக் கழுவுகிற நாள்கள் வேறு. தையில் குடிபூரல் வைத்திருந்த ஒரு புது வீட்டுக்கு ஆறு கதவு ஒப்புக்கொண்டு, அதில் இரண்டுக்குப் பொலிஷுக்கு முதல் பூசுகிற சீலர் அடித்து மூலையில் காயவிட்டிருந்தேன். அந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மனைவியும் மகளும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார்கள். வேலைக்கு நிற்கிற தம்பிக்கும் லீவு. ஏணியில் ஏறித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தால் அரை நாள் போகும் என்று தோன்றியது. கராஜ் பொடியன்கள் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடித்துத் தூசி பறத்துவதைப் பார்த்திருக்கிறேன்தானே, அதே மாதிரி அடித்தால் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். பொலிஷ் அடிக்கும்போது ரெகுலேற்றரில் அழுத்தத்தை 3 பாருக்குக் குறைத்துத்தான் காற்று எடுப்பேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தைக் கழற்றிவிட்டு ராங்கியிலிருந்து நேராக ஓஸைப் போட்டேன். மீற்றரில் 8 பார். பலமாக அடித்தால் சுத்தமாகப் போகும் என்பது என் கணக்கு. தூசி தெரியவேண்டும் என்று லைற்றையும் எரியவிட்டேன். கண்ணில் இருந்தது வாசிக்கிற கண்ணாடி. மூக்குக்கு ஒன்றும் இல்லை.

முதல் லைற்றுக்கு அடித்ததுமே எனக்கு முன்னால் ஏணியும் தெரியவில்லை, கூரையும் தெரியவில்லை. விரல் மொத்தத் தூசி ஒரே நொடியில் கிளம்பினால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. இருமிக்கொண்டு கண்ணை மூடினேன், ஆனால் விரல் விசையை விடவில்லை. கை எங்கோ திரும்ப, காற்று ரியூப்பின் தலைப்பில் பட்டிருக்கவேண்டும். பழைய பிளாஸ்ரிக் கோல்டர், வெயிலுக்கும் சூட்டுக்கும் உக்கிப்போனது. ரியூப் ஒரு பக்கம் கழன்று தொங்கி, பிறகு பிளேனர் மேசையில் விழுந்து வெடித்தது. நான் இறங்கி என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கண்ணாடித் தூளையும் அதே காற்றால் ஒரு பக்கமாக ஊதித் தள்ளினேன். அந்த ரியூப்புக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் கதவைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடமாவது வெளியே நிற்க வேண்டும், பிறகு தடித்த மட்டையால் அள்ளி, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போட வேண்டும். கூட்டவும் கூடாது, ஊதவும் கூடாது. இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஒரு பிடிவாதம். மூன்றாவது லைற் கிறைண்டருக்கு நேர் மேலே இருக்கிறது. உளி தீட்டும்போதும் வாள் தீட்டும்போதும் பறக்கிற இரும்புத் தூள் மேலே போய் அந்தப் பெட்டியிலும் பக்கத்துக் கூரை வளையிலும் ஒட்டியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடித்த காற்று பெட்டியின் உட்பக்கத்தில் பட்டு அதே வேகத்தில் திரும்பி முகத்துக்கு வந்தது. வாசிக்கிற கண்ணாடிக்குக் கீழால் ஏதோ ஒன்று வலது கண்ணுக்குள் போனது. ஊசி ஏற்றின மாதிரி இருந்தது. கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துக் கண்ணைத் திறந்து மூடினேன். அதுவரை சரி. அப்புறம் கசக்கினேன். கண்ணில் விழுந்தது தூசியா இரும்பா என்று தெரியாதவரைக்கும் கசக்கவே கூடாது. மரத்தூள் பெரும்பாலும் கண்ணீரோடு வந்துவிடும், இரும்புத் துகள் கருவிழியில் குத்திக்கொண்டு நிற்கும். கசக்கினால் இன்னும் உள்ளே போகும்.

ஒரு கண் மூடியபடி, வந்ததுக்கு மெசின்களையும் முடித்துவிடுவோம் என்று பிளேனருக்கும் வாளுக்கும் அடித்தேன். மோட்டரின் பக்கத்தில் காற்றுப் போவதற்கு விட்டிருக்கிற வாய்களுக்குள் குழலை நேராக வைத்தேன், சுவிச் பெட்டிக்குள்ளும் வைத்தேன். வெளியே பார்த்தால் மினுமினுப்பாகத்தான் இருந்தது. கடைசியில் வழக்கப்படி சட்டைக்கும் தலைக்கும் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி முறிகண்டிக் கச்சானோடு வந்து முகத்தைப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, கண் என்ன தக்காளிப்பழம் மாதிரி?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து மணிபோல ஓஸைச் சுருட்டி வைக்கப் பட்டறைக்குப் போனபோதுதான் எனக்குள் ஏதோ உறைத்தது. மேற்கு வெயில் செல் ஓட்டைகளால் இறங்கி உள்ளே கம்பி கம்பியாக நின்றது. ஒவ்வொரு கம்பிக்குள்ளும் தூசி மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. நான் காற்றடித்து முடித்து ஐந்து மணித்தியாலம். மொத்தத் தூள் கீழே விழுந்துவிட்டது, மெல்லிய தூள் இன்னும் இறங்கவே இல்லை. நாங்கள் மூச்சில் இழுப்பது அந்த மெல்லியதைத்தான். மூலையில் கிடந்த இரண்டு கதவுகளைத் தடவிப் பார்த்தேன். காயாத சீலரில் ஒட்டி, சாண்ட்பேப்பர் மாதிரி இருந்தது.

அன்றிரவு நித்திரை இல்லை. விடிந்ததும் பக்கத்து ஆசுபத்திரிக்குப் போக, அங்கே பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குக் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஏ9 பாதையில் பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் கண் துடித்தது. அங்கே டொக்டர் மருந்து விட்டு விறைக்கச் செய்துவிட்டு, “வேற எங்கயாவது உடம்பில இரும்பு இருக்கோ ஐயா?” என்று கேட்டார். தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று, 2009 போரில் வாங்கியது என்றேன். அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன். ஊசி முனையால் துகளை எடுத்தார். எடுத்த பிறகும் அந்த இடத்தில் ஒரு கறள் வளையம் நின்றது. இரும்பு ஒரு இரவு கண்ணில் இருந்தாலே கறள் பிடித்துவிடுமாம். மறுமுறை போய் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே போயிருந்தால் அந்த இரண்டாவது பயணம் தேவைப்பட்டிருக்காது. கண்ணில் ஏதாவது குத்தினால் ஞாயிறா திங்களா என்று பார்க்காமல் போய்விடுங்கள். கண்ணை அழுத்திக் கட்டாமல், ஒரு கடதாசிக் கோப்பையை மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனால் போதும். முலைப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு என்று நாலு பேர் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்.

நான் இப்படிக் கிடக்க, பட்டறையில் மற்றக் கூத்து. தம்பி செவ்வாய்க்கிழமை வந்து பிளேனரைப் போட்டிருக்கிறான். மோட்டர் உறுமியது, சுற்றவில்லை. “அண்ணை, கரண்ட் குறைவாக்கும் எண்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தனான்” என்று போனில் சொன்னான். ஐந்தாறு தரம் போட்டதில் புகை வந்துவிட்டது. மோட்டர் கட்டுகிற பெரியவர் அதைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்களுடைய ஒற்றைக்கட்ட மோட்டருக்குள் ஒரு சின்ன சுவிச் இருக்கிறது. நிற்கும்போது அது சேர்ந்திருக்கும், அப்போதுதான் கப்பாசிற்றரின் தள்ளு கிடைத்து மோட்டர் புறப்படும். வேகம் எடுத்ததும் தானாகப் பிரிந்துவிடும். நான் அடித்த காற்றில் மரத்தூள் அந்தச் சுவிச்சின் இரண்டு வாய்க்கும் நடுவில் போய் இறுகிவிட்டது. சேர முடியாமல் நின்றது. புறப்பட முடியாத மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொயில் எரியாமல் என்ன செய்யும்? பெயாரிங்கின் கிறீஸையும் காட்டினார். தூள் கலந்து களி மாதிரி இருந்தது. “தம்பி, நீ தூசி எடுக்கேல்ல, உள்ளுக்கு அனுப்பியிருக்கிறாய்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் சொன்னது சரி.

அதனால் மோட்டர் உறுமிச் சுற்றாமல் நின்றால் இரண்டாம் தரம் சுவிச்சைத் தொடவே வேண்டாம். வேலைக்கு நிற்கிறவர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள், நான் சொல்லாதது என் பிழை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிளேனர் மேசையில் இன்னொரு கூத்து. வார்ப்பிரும்பு மேசை முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கறள். வன்னியில் மார்கழிக் காற்று எவ்வளவு ஈரம் என்று சொல்லத் தேவையில்லை. கொம்பிரசர் அந்த ஈரத்தையும் சேர்த்து நெருக்கி ராங்கிக்குள் தண்ணீராக்கிவிடும். கீழே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். நான் கார்த்திகைக்குப் பிறகு திறக்கவே இல்லை. ரெகுலேற்றருக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடிக்கிற கிண்ணம் இருக்கும், அதையும் அன்று கழற்றிவிட்டுத்தானே அடித்தேன். திருகைத் திறந்தபோது பழுப்புத் தண்ணீர் ஒரு போத்தலுக்கு மேல் கொட்டியது. மண்ணெண்ணெயும் மெல்லிய சாண்ட்பேப்பரும் வைத்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்தோம். சில பொட்டு இன்னும் போகவில்லை.

செலவைச் சொல்கிறேன். மோட்டர் கொயில், பெயாரிங், கப்பாசிற்றர் எல்லாமாக 24,500 ரூபா. இரண்டு கதவையும் தேய்த்துத் திரும்பப் பொலிஷ் அடிக்க 9,000. யாழ்ப்பாணம் இரண்டு தரம் போய்வந்தது, கண்ணுக்கு விட வெளியே வாங்கிய துளி மருந்து, கறுப்புக் கண்ணாடி 7,600. ரியூப்பும் கோல்டரும் 1,400. மெசின் இல்லாமல் சும்மா இருந்த தம்பிக்குக் கொடுத்த நாலு நாள் சம்பளம் 12,000. கூட்டினால் 54,500. என் ஒன்பது நாள் உழைப்பு இதில் இல்லை. குடிபூரல் வீட்டுக்காரர் நல்ல மனிதர். நாலு கதவோடு பால் காய்ச்சினார், மற்ற இரண்டு வாசலுக்கும் சீலை கட்டியிருந்தார். நான் போய்ச் சாப்பிட்டேன், அந்தச் சீலைகளைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

கண் கட்டிக் கிடந்த நாள்களில் மகளைப் போனில் தேடி வாசிக்கச் சொன்னேன். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு விதியில், துப்புரவாக்கப் பாவிக்கும் காற்று 30 பிஎஸ்ஐக்குக் கீழேதான் இருக்கவேண்டும், தெறிப்பதைத் தடுக்க மறைப்பும் கண்ணுக்கும் உடம்புக்கும் பாதுகாப்பும் வேண்டும் என்று இருக்கிறதாம். 30 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 2 பார். நான் அடித்தது அதைப்போல நாலு மடங்கு. உடம்பில் அடிக்கவே கூடாதாம். காயம் உள்ள இடத்தில் காற்று தோலுக்குள் புகுந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. கராஜ்களில் பகிடிக்கு ஒருவனுக்கு ஒருவன் பின்பக்கம் ஓஸைப் பிடிக்கிற பொடியன்களைக் கண்டிருக்கிறேன். குடல் கிழிந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். அதைக் கண்டால் ஏசியாவது நிறுத்துங்கள்.

நெருப்பைப் பற்றி வாசித்தபோதுதான் உண்மையாகப் பயந்தேன். 2008 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சீனித் தொழிற்சாலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். சீனித்தூள்தான் காரணம். முதலில் ஒரு இடத்தில் வெடித்த அதிர்ச்சியில், வளையிலும் மெசின் மேலும் நிலத்திலும் படிந்து கிடந்த தூள் கிளம்பி அடுத்தடுத்து வெடித்தது. மெல்லிய காய்ந்த மரத்தூளும் அப்படித்தான். குவியலாகக் கிடந்தால் புகையும், காற்றில் புகையாகப் பரவி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். நான் எரிகிற லைற், உக்கின கோல்டர், மெயின் போட்ட சுவிச் பெட்டி எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று அந்தப் புகையை என் கையாலேயே கிளப்பியிருக்கிறேன். எங்கள் பட்டறை நாலு பக்கமும் அரைவாசி திறந்தது, அதனால் தப்பினேன் என்று நினைக்கிறேன்.

முதிரை மரம் அறுக்கிற நாளில் கழுத்திலும் முழங்கையிலும் கடி வருமே, அதுவும் தூளால்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருகிற பொருள் என்று வகைப்படுத்திவிட்டது, மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வருகிறது என்பது எனக்குப் புதிது. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். மகள் அதை வாசித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது நாங்கள் செய்கிற முறை இது. மெயினை இறக்கிவிட்டு, பெட்டியைப் பூட்டித் திறப்பை என் பையில் போட்டுக்கொள்வேன். காயாத பொலிஷ் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. லைற் ஆறியதும் ரியூப்பைக் கழற்றி வெளியே வேப்பமர நிழலில் வைத்து, பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்டுவது. பெட்டியின் முதுகையும் வளையையும் பழைய பெயின்ற் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளித் தள்ளி, மற்றக் கையில் வாக்கும் கிளீனர் குழாய். வாக்கும் வாங்க முதல் ஈரத்துணி சுற்றிய தும்புத்தடியால்தான் செய்தோம், அதுவும் பரவாயில்லை. மேலே இருந்து கீழே வருவது, மெசின் கடைசி. மோட்டரின் விசிறி மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷும் வாக்குமும். சுவிச் பெட்டிக்கும் அப்படியே. இவற்றுக்கெல்லாம் பிறகு, எந்தக் கையும் எட்டாத சந்துகளுக்கு மட்டும் காற்று, மெசினைத் தூக்க முடிந்தால் முற்றத்தில் வைத்து. ராங்கித் தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, ரெகுலேற்றரை 2 பாருக்குக் குறைத்து, ஒரு அடி தள்ளிப் பிடித்து, காற்று நம் முகத்தில் அடிக்காத பக்கமாக நின்று. பெயாரிங் பக்கம் காட்டவே மாட்டோம். முகத்தோடு ஒட்டி மூடுகிற கண்ணாடி கிளிநொச்சியில் ஆயிரம் ரூபாவுக்குள் வாங்கினேன். கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க் இதற்கு உதவாது, என்95 வேண்டும். கிறைண்டருக்கு மேலே இருந்த லைற்றை இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டேன். நாலையும் எல்.இ.டி.க்கு மாற்றியாயிற்று, விழுந்தாலும் பாதரசம் இல்லை.

முழு வேலைக்கும் இப்போது மூன்று மணித்தியாலம் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் செய்வதால் விரல் மொத்தத்துக்குச் சேர விடுவதில்லை. தனியாகவும் செய்வதில்லை. ஏணியைத் தம்பி பிடிப்பான். மகள் லீவு நாளென்றால் வந்து ரெகுலேற்றர் மீற்றரைப் பார்த்து “ரெண்டு, அப்பா” என்று சொன்ன பிறகுதான் விசையை அழுத்த விடுவாள். இரவில் லைற்றைப் பார்த்தால் வலது கண்ணுக்கு மட்டும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டம் தெரிகிறது. அடுத்த மாதம் திரும்பக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.